போட்டுக் காட்டிவிட்டுக் கொடுங்கள்

ஜிப்பு மாற்றுவதில் கைதேர்ந்தவள் என்பதால் அந்தத் தையல்காரிக்கு ஜிப்பம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. புருஷன் போன பிறகு தையல் மிஷினும் வாயும்தான் அவளுக்குத் துணை. இரண்டும் நிற்காமல் ஓடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம், இயேசு வருவதற்குக் காத்திருக்கிற திருவருகைக் காலம் வந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோவிலில் ஊதாத் துணி விரிப்பார்கள். வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். உடனே ஆளாளுக்கு வீட்டைப் பெருக்கி, அந்தக் குப்பைக்குக் கோட்டு என்று பேர் வைத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். காலர் நைந்தது, கை பிய்ந்தது, எலி கடித்தது. அத்தனையையும் ஒட்டுப்போட இவள் ஒருத்தி.

இந்த வருஷம் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நல்ல கோட்டு. மாடி வீட்டுப் பெண் விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய்த் தரை கழுவுகிறவள். ஈர உடம்போடு குளிரில் நின்று நின்று இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. குவியலைத் தலைகீழாகப் புரட்டியும், ஒழுங்காக மூடுகிற கோட்டு ஒன்றுகூட அகப்படவில்லை.

மூன்றாம் ஞாயிறு, கோவில் வாசலில் மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“குடுக்கிறவங்க முதல்ல போட்டுக் காட்டுங்க. மூடுச்சுன்னா வாங்கிக்கிறேன்.”

பாதிப் பேர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவினார்கள். சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் மட்டும் நேராக வந்தார். கோவிலில் எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவர்.

“தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்மா.”

“மாட்டுக்காவது பல்லு இருக்கும்ணே. உங்க ஜிப்புல அதுவும் இல்ல. போடுங்க பாப்போம்.”

சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று போட்டார். ஜிப்பு பாதியிலேயே வாயைப் பிளந்தது. எவனோ களுக்கென்று சிரித்தான். சாமியார் ஓடிவந்தார்.

“விடும்மா. நீதான் தைச்சிடுவியே.”

“எத்தனை வருஷம் சாமி தைக்கிறது? இதைப் போட்டுக்கிட்டுத் தரை கழுவப் போறது யாருன்னு நினைச்சீங்க? இவரு ஆளுதான். தன்கிட்ட வேலை செய்யறவளுக்கு ஒரு கோட்டு வாங்கித் தர மனசில்ல, இங்க வந்து தானம் பண்றாராம் தானம்!”

குத்தகைக்காரர் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

“நல்லா வந்த ஆளையும் விரட்டிட்டே” என்றார் சாமியார். அந்த வாரம் முழுக்க, மாடியில் இருமல் கேட்கும்போதெல்லாம் ஜிப்பம்மாவுக்குத் தன் வாய் மேலேயே எரிச்சல் வந்தது.

நாலாம் ஞாயிறு அவர் வந்தார். புதுக் கோட்டு. யாரும் சொல்லாமலே போட்டு, கழுத்துவரை சர்ரென்று இழுத்துக் காட்டினார். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது.

ஜிப்பம்மா அதை வாங்கித் தையலைப் புரட்டிப் பார்த்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்ல கோட்டுதான். ஒண்ணுதானாண்ணே? அங்க ஆறு பேரு கழுவுறாங்களே.”

சாமியார் தலையில் கைவைத்தார்.

“என்ன சாமி, வர்றவரு இன்னும் வரலையே. அதுவரைக்கும் என் கடை தொறந்துதான் இருக்கும்” என்று மேஜையை இன்னும் கொஞ்சம் வாசலை மறிக்கிற மாதிரி இழுத்துப் போட்டாள்.