இலையில் ஒரு செங்கல் வளையம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் விரிசல் விட்டதும், அம்மாவை ஹட்டனுக்கு அழைத்துப்போக நான் காரணங்களை வரிசைப்படுத்தினேன். மழைக்காலம் நெருங்குகிறது. மண் ஏற்கெனவே இளகியிருக்கிறது. வாடகைக்கு வீடு பார்த்தாகிவிட்டது. என் ஆய்வுகூடத்துக்கும் அது பக்கம்.

எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான். "குசினிய விட்டுட்டா?"

கல், களிமண், பழைய தகரம் எனக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, சமைப்பதற்கென்று அவரே கட்டிய குசினி அது.

தண்ணீர் பரிசோதிப்பது என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நுண்ணோக்கி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இருக்கும் மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனதும், தோட்டத்துக் குளத்தில் எடுத்த நீர்ச்செடி இலையை அதன் கீழே வைத்து அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். இலையில் வெறும் புள்ளியாய் இருந்தது இப்போது உருண்டைகளை அடுக்கிக் கட்டிய குழாயாகத் தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு உயிர் தலையை நீட்டி, தண்ணீரில் மிதக்கும் தூசியைச் சுழற்றி இழுத்தது. வாய்க்குக் கீழே அதை உருட்டிப் பிசின் சேர்த்து, குனிந்து சுவரில் வைத்தது.

"அடியே, இது தானே செங்கல் அறுக்குதே! மேசனே வேணாம்போல."

விளக்குத் துலக்க வைத்திருந்த செங்கல் தூளில் துளி எடுத்து, இலை இருந்த தண்ணீரில் கலந்து விட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது குழாயின் விளிம்பில் ஒரு சிவப்பு வளையம் ஏறியிருந்தது.

"கெடைச்சத வச்சுக் கட்டுது. நம்மள மாதிரி" என்றார் அம்மா.

"ஆனா ஒரு தடவ ஒட்டிக்கிச்சுனா, அந்த இலைய விட்டு வேற எடத்துக்குப் போகாதும்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஹட்டனுக்கு வராமலிருக்க நானே அவருக்குக் காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அம்மா கண்ணை எடுக்காமலே கேட்டார். "இலை அழுகிட்டா?"

"இலையோட அதுவும் போயிரும்."

"பாவம். அதுக்குக் காலு இல்ல."

மாலையில் இலையைக் குளத்தில் விட்டுத் திரும்பினேன். குசினிக் கூரையிலிருந்து ஒரு தகரம் கழற்றி இறக்கப்பட்டிருந்தது. அம்மா அடுத்த தகரத்தின் ஆணியை நெம்பிக்கொண்டிருந்தார்.

"அந்த ஹட்டன் வீட்டுக்காரங்ககிட்ட கேளு புள்ள, பின்னால ஒரு அடுப்பு போட எடம் தருவாங்களான்னு."

"கேக்குறேம்மா."

"கேட்டாப் பத்தாது. இதப் பிடி மொதல்ல."

தகரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.