இடது கால் மெட்டி

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் ஊர் இலங்கைத்துறையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. இரண்டுக்கும் நடுவில் குந்திக்கொண்டு பயமில்லை என்று சொல்கிறவர்களைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். என் புருஷன் அப்படிச் சொல்லித் திரிந்தவர். ஒரு நாள் கடலுக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அதன்பிறகு தம்பியின் வளவில், அவன் வீட்டோடு ஒட்டிய ஒரு அறையில் இருக்கிறேன். தம்பியும் கடற்காரன்தான்.

காட்டில், கரையில், ஆஸ்பத்திரி தூரமான இடத்தில் ஆளுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று படிப்பிக்க ஒரு மிஸ் மட்டக்களப்பிலிருந்து வருகிறாவாம் என்றார்கள். காட்டுக்குப் போய்வருகிற பெண்கள் கட்டாயம் வரட்டாம். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்றதும் கட்டாயம் தேவைப்படவில்லை, கூட்டம் தானாக வந்தது. பாலர் பாடசாலையின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம். தம்பியின் மனைவி, என் மச்சாள், வரவில்லை. அன்றைக்குக் கருவாடு காயப்போட இருந்தது.

படிக்கப் படிக்க என் பயம் கூடியது. அதுவரை நான் பயந்த விஷயங்கள் கொஞ்சம். மிஸ் வந்து புதிது புதிதாக எத்தனையோ சொல்லித் தந்தா. மரத்திலிருந்து விழுந்தவனைத் தூக்கி நிமிர்த்தினால் முள்ளந்தண்டு போய்விடும். வெயிலில் விழுந்தவனுக்குத் தண்ணீரை வாயில் ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய்விடும். இதுநாள்வரை நாங்கள் ஓடிப்போய்ச் செய்த உபகாரமெல்லாம் ஆளைக் கொல்கிற வேலை என்று தெரிந்தது. இவ்வளவு நாளும் இந்த ஊரில் ஆட்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

பாம்புக்கடி பற்றிய பாடத்தில்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கட்டுப்போடக் கூடாது, வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. காலைத் தடி வைத்து ஆடாமல் இளக்கமாகச் சுற்றிவிட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முதல், வீக்கம் வருமுன், மோதிரம், காப்பு, கொலுசு, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும்.

"மெட்டியுமா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மெட்டியும்தான். விரல் வீங்கி மெட்டி இறுகினா ரத்தம் ஓடாது. பிறகு விரலையே எடுக்கவேண்டி வரும்."

தாலியைக் கழற்றச் சொல்லாத மட்டும் புண்ணியம் என்று யாரோ பின்னால் முணுமுணுக்க எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரைக்குக் கீழே கால்விரல்களை மடக்கிக்கொண்டேன். அவரைக் கரைக்குக் கொண்டுவந்த அன்று பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து முதலில் கழற்றியது மெட்டியைத்தான். அந்த விரலில் வெள்ளையாக ஒரு தழும்பு கொஞ்சக் காலம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பாலைப்பழக் காலம் வந்தது. நானும் மச்சாளும் பக்கத்து வளவுக்காரியும் காலையிலேயே வாளிகளோடு காட்டுக்குப் போனோம். பக்கத்து வளவுக்காரி நல்ல திடகாத்திரமான மனுசி. கதைத்தால் குளக்கட்டுக்கு அப்பாலும் கேட்கும். நான் வழக்கம்போல் அவவுக்குப் பின்னால், அவ கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்தேன். பாலைப்பழத்தின் பால் கையிலும் உதட்டிலும் பிசினாக ஒட்டும், அதனால் ஒரு சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய் கொண்டுபோயிருந்தோம். மச்சாள் பழத்தை வாளிக்குள் போடுவதைவிட வாய்க்குள் போட்டதுதான் அதிகம் என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டு சருகுக்குள் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கக் குனிந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. அவள் காலை இழுத்துக்கொண்டு அப்படியே சருகில் உட்கார்ந்தாள்.

"பூச்சி" என்றாள்.

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் நின்றுகொண்டு அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் இன்னொன்று வரும் என்பார்கள். குளவி கொட்டினாலும் பூச்சிதான், இதுவும் பூச்சிதான். ஆனால் எந்தப் பூச்சி என்பது சொல்கிற குரலிலேயே தெரிந்துவிடும். பார்த்தேன். இடது பாதத்தில், விரல்களுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு புள்ளி.

பக்கத்து வளவுக்காரி தன் தோளில் கிடந்த சால்வையை இழுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டப் போனா. அவவின் தாய் அப்படித்தான் கட்டினா, எங்கள் எல்லாருடைய தாய்மாரும் அப்படித்தான் கட்டினார்கள். கட்டாதே என்று நான் கத்தினேன். அந்த மனுசியைப் பார்த்து என் ஆயுளில் நான் சத்தம் போட்டதில்லை. அவ திகைத்துப்போய்ச் சால்வையை என் கையில் தந்தா. அந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை, குளக்கட்டில்தான் எடுக்கும். அம்புலன்சுக்கும் சொல்லி, தூக்க ஆட்களையும் கூப்பிடச் சொன்னேன். பூச்சி என்று சொல்லிவிடாதே, பாம்பு என்று சொல்லு என்றேன். அவ ஒரு கணம் என்னை முறைத்துவிட்டு ஓடினா.

நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம். மச்சாளைச் சரித்துப் படுக்கவைத்தேன். இரண்டு தடி முறித்து வந்து காலின் இரு பக்கமும் வைத்துச் சால்வையால் சுற்றினேன். தடி முறிக்கப் போன இடமெல்லாம் சருகு. ஒவ்வொரு சருகுக்குள்ளும் ஒன்று கிடப்பதாகவே எனக்குத் தெரிந்தது. பல் முரசில் ரத்தம் வருகிறதா பார்க்கவேண்டும் என்று மிஸ் சொன்னது ஞாபகம் வந்து துப்பச் சொன்னேன். பாலைப்பழத்தின் மஞ்சளோடு மெல்லிய சிவப்பும் இருந்தது. அதை அவள் பார்க்குமுன் சருகால் மூடினேன். பாதம் ஏற்கெனவே பொங்கத் தொடங்கிவிட்டது. மெட்டி கிடந்த விரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"மெட்டியக் கழட்டவேணும்" என்றேன்.

"வேண்டாம் மச்சாள். அவர் கடல்ல நிக்கிறார்."

கடலுக்குப் போனவன் கரைக்கு வரும்வரை வீட்டுக்காரியின் காலில் மெட்டி கிடக்கவேண்டும். எங்கள் கரையில் இதை யாரும் யாருக்கும் படிப்பித்ததில்லை. உப்புக் கரிக்கும் என்று எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். நான் மிஸ் சொன்னதையெல்லாம் சொன்னேன். ரத்தம் ஓடாது, விரல் போய்விடும் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு பக்கத்து வளவுக்காரி போன திசையைப் பார்த்தாள்.

"அவ வரட்டும். அவ கழட்டட்டும். உங்கட கையால வேண்டாம், மச்சாள்."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கெஞ்சித்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே பாயில் படுத்தோம். அவள் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது இந்தக் கைதான் துணி மாற்றியது. கிடந்தால் கிட என்று விட்டுவிட்டு எழும்பிப் போய்விடலாம் போல் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்புகிறவள்தான். கலியாண வீடுகளில் ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் நான் போகமாட்டேன். யாரும் சொல்லாமலே ஒதுங்கி நிற்பேன். அவளுடைய பயம் எதுவோ அதுதான் என்னுடைய பயமும். அவளுக்குப் புருஷன், எனக்குத் தம்பி. அவனும் போனால் எனக்கென்று இந்த உலகத்தில் ஆளில்லை.

குளக்கட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. காற்று மாறினால் காட்டுக்குள்ளும் கடல் கேட்கும். அன்றைக்குக் கேட்டது. விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி பலமாக இருந்தது. அவனுக்கு ஒன்றும் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல நான் யார்? உனக்குக் கால் வேணும் என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டாள். எண்ணெயை ஊற்றி, வெள்ளியின் வாயைக் கொஞ்சம் விரித்து, சுழற்றிச் சுழற்றி இழுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மெட்டி கழன்று என் உள்ளங்கையில் விழுந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் இரைச்சலைத்தான் காதுகொடுத்துக் கேட்டேன். கேட்டு என்ன தெரியும்? ஆனாலும் கேட்டேன்.

ஆட்கள் பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினோடு வந்தார்கள். இரண்டு கம்பில் சாக்கைக் கோத்து, பாலர் பாடசாலையில் பழகியபடி, அவளை ஆட்டாமல் தூக்கிப் பெட்டியில் ஏற்றினோம். றோட்டில் அம்புலன்ஸ் நின்றது. முதலில் கிட்டடி ஆஸ்பத்திரி, பிறகு திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி. அங்கே போகும்போது வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. கடித்தது புடையன் பாம்பாக இருக்கும் என்று டொக்டர் சொல்லி மருந்து ஏற்றினார். மெட்டியை நேரத்தோடு கழற்றியது நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் அந்த விரல் மிஞ்சியிருக்காது என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. தம்பி இன்னும் கரைக்கு வரவில்லை.

அவன் வழமையாக மத்தியானத்துக்கு முதல் வந்துவிடுவான். போன் எடுத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. பக்கத்து வளவுக்காரி ஊரிலிருந்து போன் அடித்து, மற்றப் போட்டெல்லாம் வந்திட்டுது என்றா. வாய் ஓயாத மனுசி அதோடு போனை வைத்ததுதான் எனக்குப் பெரிய பயம். மெட்டி என் கைக்குள் இருந்தது. வாங்குப் பலகையில் வைக்கவும் பயம், சேலைத் தலைப்பில் முடியவும் பயம். வார்ட்டுக்குள் போனால் மச்சாள் அவனைப் பற்றிக் கேட்பாள் என்பதால் வாசலிலேயே நின்றேன். சுவரோடு சாய்ந்து நின்று, என்னைக் கொண்டு போ, அவனை விடு என்று எந்தச் சாமி என்றில்லாமல் எல்லாச் சாமியிடமும் கேட்டேன்.

வெயில் சாயும்போது அவன் வந்தான். உடுத்திருந்த சாரத்தில் உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது. போட் மெஷினின் காற்றாடியில் வலை சுற்றி மெஷின் நின்றுபோய், போட் நீரோட்டத்தில் இழுபட்டு, வெருகல் பக்கமாக வந்த ஒரு போட்டுத்தான் கட்டி இழுத்து வந்ததாம். அவனைப் பிடித்து நாலு அடி அடித்துவிட்டு அழுதேன். எத்தனை மணிக்கு மெஷின் நின்றது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மச்சாளை வீட்டுக்கு விட்டார்கள். பாதத்தின் தோல் உரிந்து, மெல்ல மெல்ல வீக்கம் வற்றி, கால் காலாக வரக் கொஞ்சக் காலம் எடுத்தது. மெட்டியை நான் சாமிப்படத்தட்டில் மஞ்சள் துணியில் வைத்திருந்தேன். அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதுவரை தம்பியும் தொழிலுக்குப் போகவில்லை, மெஷின் திருத்தவேண்டும் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் நாளைக்குப் போகப்போகிறேன் என்றான். அன்று பின்னேரம் அவள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து இடது காலை என் பக்கம் நீட்டினாள்.

"மெட்டியப் போட்டு விடுங்கோ."

பக்கத்து வளவுக்காரியைக் கூப்பிடுகிறேன் என்று நான் எழும்பினேன்.

"அவ எதுக்கு? நீங்கள்தான் போடவேணும்."

ஏலாது என்றேன். அவள் காலை எடுக்கவில்லை. மஞ்சள் துணியைப் பிரித்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மெட்டி விரல்மொளி மூட்டில் சிக்கியது, எண்ணெய் போட்டுத்தான் ஏற்றினேன்.

மறுநாள் விடிய அவன் போனான். நான் கரையில் நின்றேன், போட் கண்ணுக்கு மறைந்த பிறகும் நின்றேன். வெயில் ஏறித் தலை சுட்டபோது திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், தாழை நிழலில், இடது காலை மண்ணில் ஊன்றாமல் மச்சாளும் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. பக்கத்தில் வந்து, பயமாக இருக்கிறது என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போட் வரும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.