முன் இருக்கையில் இருந்த பை

எழுதத் தெரியாதவள் எழுத வந்திருக்கிறாள் என்று யாராவது கோபித்தால் அது நியாயம்தான். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தைக்கக் கொடுத்தவர்களின் அளவுகள்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க என்னால் முடியாது. அதனால்தான் இதைத் தாளில் எழுதுகிறேன்.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. திருகோணமலை நகரத்தில் நான் வேலை செய்யும் தையல் கடையின் சுவரில் முதலாளி ஓர் அறிவித்தலை ஒட்டியிருந்தார். எச்சரிக்கை நிலை உயர்ந்திருக்கிறது, ஆளில்லாத பையைத் தொடக்கூடாது, யாருடையது என்று முதலில் விசாரிக்க வேண்டும், ஒருவரும் வராவிட்டால் விலகி நின்று பொலிசுக்குச் சொல்ல வேண்டும், கூட்டம் கூடக்கூடாது. என் மெஷினுக்கு நேரே இருந்ததால் எனக்கு அது மனப்பாடம்.

எங்கள் பஸ் நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. பஸ் வந்து நின்றதும் வெளியில் நின்றபடியே ஜன்னலால் கையில் இருப்பதை இருக்கையில் போட்டுவிடுவோம். முகம் துடைக்கிற கைலேஞ்சி, குடை, மரக்கறிப் பை, எது கிடந்தாலும் அந்த இடத்தில் வேறு ஒருவரும் உட்காரமாட்டார்கள். போட்டவர் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். "பைக்கும் டிக்கெட் கிழிக்கட்டோ?" என்று குச்சவெளி பஸ்ஸின் கொண்டக்டர் பகிடி விடுவார். அன்று பின்னேரம் நானும் குடையைப் போட்டுத்தான் இடம் பிடித்திருந்தேன்.

ஏறி உட்கார்ந்தபோது எனக்கு முன் இருக்கையில் ஒரு கறுப்புப் பை கிடந்தது. சிப் முழுதாகப் பூட்டுப்படவில்லை. அந்த இடைவெளியால் இரண்டு வயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. "இது ஆரின்ட பை?" என்று ஒருதரம் உரத்துக் கேட்டிருந்தால் போதும். தேத்தண்ணிக் கடை பத்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்குமே என்று எனக்குக் கூச்சம். எழுந்து போய்க் கொண்டக்டரின் காதுக்குள் சொன்னேன்.

"தம்பி, எனக்கு முன் சீற்றில ஒரு பை கிடக்கு. வயர் தெரியுது."

அவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "இறங்குங்கோ, எல்லாரும் இறங்குங்கோ. குண்டு."

படியில் ஒரு பெண் விழுந்தாள். அவள் மேலால் இறங்கினார்கள். நானும் எதையோ மிதித்தேன். அது அவளுடைய கையா காலா என்று இன்றுவரை தெரியாது.

எல்லோரும் பஸ்ஸை விட்டு ஓட, ஒருவர் மட்டும் தேத்தண்ணிக் கடையில் இருந்து பஸ்ஸை நோக்கி ஓடிவந்தார். இடுப்பில் சாரமும் தலையில் தொப்பியும் தாடியுமாக இருந்தார்.

"அது என்ட பேக். போட் எஞ்சின்ட கொயில்தான் இரிக்கி. சீற்றுக்குப் போட்டனான்."

'என்ட பேக்' என்பதற்கு மேல் ஒருவருக்கும் கேட்கவில்லை. முதல் அடி, அவருக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்தவரிடம் இருந்து விழுந்தது. தொப்பி மண்ணில் கிடந்தது. ஒருவன் ஹெல்மெட்டால் அடித்தான். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"தாடிக்குள்ளயும் ஒண்டு வைச்சிருக்கிறியோ?" என்று ஒருவன் அதைப் பிடித்து இழுத்தான். சிலர் சிரித்தார்கள்.

அவர் விழுந்தார். வலது கையைச் சீமெந்துக் கட்டின் மேல் ஊன்றி எழும்பப் பார்த்தபோது, சப்பாத்துப் போட்ட ஒருவன் அந்தக் கையின் மேல் இரண்டு தரம் ஏறி மிதித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. "கை, கடலுக்குப் போற கை" என்று அவர் கத்தினார். அவ்வளவு கிட்டத்தில் நான் நின்றேன்.

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். என் குடையும் உள்ளே அதே மாதிரித்தான் கிடந்தது. 'விடுங்கோ, நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்' என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மீன் விற்கிற ஒரு அம்மாதான் கூடையோடு நடுவில் புகுந்தா. "செத்துப்போவான், விடுங்கோடா."

பொலிஸ் வந்து எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தது. பிறகு குண்டு பரிசோதிக்க வந்தவர்கள் பையைத் திறந்தார்கள். கடதாசியில் சுற்றிய, வயர் நீட்டிய எஞ்சின் கொயில், நைலோன் நூல், இராச் சாப்பாட்டுக்கு ஒரு றாத்தல் பாண். வேறொன்றும் இல்லை. அடித்தவர்களில் ஒருவரும் அங்கே நிற்கவில்லை.

"ஆர் சொன்ன?" என்று அடிபட்டவர் கேட்டார். உடைந்த கையை மடியில் வைத்து நிலத்தில் இருந்தார். "ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே. இந்தா, இதிலதானே நிண்ட நான்."

கொண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். கொண்டக்டர் பஸ்ஸில் ஏறிவிட்டார். மீன்காரம்மா அடிபட்டவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா.

அடுத்த நாள் அந்தக் கை இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகவும், கடலுக்குப் போவது இனிச் சந்தேகம் என்றும் கொண்டக்டர் சொன்னார். பஸ் வழமையான நேரத்துக்குப் புறப்பட்டது. நான் குடையை மடியில் வைத்திருந்தேன்.