கொடிக்கம்பத்துக்கு ரூல் இல்லை

பேசுவதற்கு டெல்லி எனக்கு அனுமதி கொடுத்திருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்த ஹாம் ரேடியோ லைசென்ஸை வைத்துக்கொண்டு எந்தத் தேசத்து ஆளோடும் பேசலாம். அதற்கு வேண்டிய கம்பத்தை என் சொந்த மொட்டை மாடியில் நட்டுக்கொள்ளலாமா என்றால் மட்டும் யாருக்கும் பதில் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். எனக்குப் பூசாரிகள் அலுவலகத்துக்கு ஒருவராக இருந்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி வீடு கட்டினேன். மாடியில் உயரமான இரும்புக் குழாயை நிறுத்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, உச்சியிலிருந்து ஏரியல் கம்பியைச் சரிவாக இறக்கினேன். குழாய்க்குள் மழைத்தண்ணீர் போகாமலிருக்க, உச்சியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தேன். வீட்டிலேயே நல்ல வாளி அதுதான் என்று மனைவி ரொம்ப நாள் சொல்லிக்காட்டினாள்.

இத்தனையும் எதற்கென்றால், காலையில் ஆபீஸ் பஸ் வருவதற்கு முன் வால்பாறையில் இருந்த ஒருவரோடு பேசுவதற்கு. தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. அங்கே மழையா, இங்கே காற்றா, நேற்று வைத்த ரசத்தில் புளி கூடிப்போனதா, அவ்வளவுதான் பேச்சு. ரேடியோவில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது. அவர் முடித்து 'ஓவர்' என்று சொன்ன பிறகுதான் நம் முறை. நான் பேசியதை யாராவது கடைசிவரை கேட்டார்கள் என்றால் அது அந்த அரை மணி நேரத்தில்தான்.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே ஊராட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். டெல்லி லைசென்ஸைக் காட்டினேன். அது பேசுவதற்குத்தானே, கம்பத்துக்கு யார் கொடுத்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் வாங்கத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஓர் அலுவலகத்தில் இது கட்டடம் இல்லை, எங்களிடம் வராது என்றார்கள். இன்னொன்றில் இது கடற்கரை, வேறு இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அந்த வேறு இடத்தில், உங்கள் ஊராட்சி ஆட்சேபம் இல்லை என்று சொன்னால் எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை என்றார்கள். ஊராட்சியில் போய்ச் சொன்னால், செங்கல்பட்டு சொல்லட்டும் என்றார்கள். ஒரு குமாஸ்தா என்மேல் பரிதாபப்பட்டு, பேசாமல் எல்லாரையும் போல கேபிள் கனெக்‌ஷன் வாங்கிக்கொள்ளுங்களேன் என்றார். முதல் சில வருஷம் இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரித்தேன். பிறகு சிரிக்கத் தெம்பில்லை.

அப்புறம் செல்போன் கோபுரங்கள் வந்தன. கேளம்பாக்கம் பக்கம் ஃப்ளாட்டுகள் முளைத்த அதே வேகத்தில் எங்கள் பக்கமும் புது வீடுகள் வந்தன. டவர் என்றாலே கதிர்வீச்சு என்று புது ஆட்கள் பயந்து மனு கொடுத்தார்கள். அதுவரை பெயரே இல்லாமல் நின்ற என் கம்பம் திடீரென்று டவர் ஆகிவிட்டது. எந்தக் கம்பெனி டவர் என்று கேட்டார்கள். கம்பெனி இல்லை, நான்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. கடைசியில் இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எனக்கும் அலுத்துவிட்டது. போய்த் தொலையட்டும் என்று குப்பத்திலிருந்து கம்பம் ஏறத் தெரிந்த ஒருவரை வரச் சொன்னேன்.

வந்தவர் ஏறவில்லை. கயிற்றைத் தோளில் போட்டபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த வாளியவா எறக்கப் போற சார்? அத்தயும் தண்ணி டேங்கையும் ஒண்ணா நேர் வெச்சுதான் நாங்க பாரு புடிக்கிறோம். அது இல்லன்னா எங்க பொழப்பு இன்னா ஆவுறது?"

பாரு என்பது கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. தண்ணீரில் அதற்கு அடையாளம் கிடையாது. கரையில் இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் வரும்படி போட்டைச் செலுத்தித்தான் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். முன்பு அதற்கு ஒரு பனைமரம் இருந்ததாம். அது புயலில் விழுந்த பிறகு என் வாளிதான். எனக்குத் தெரியாமலேயே என் கம்பம் இத்தனை வருஷம் குப்பத்துக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் குப்பத்துப் பெரியவர்கள் திரண்டு, உத்தரவு போட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். பின்னாலேயே நானும் போனேன். வெகுநாளைக்குப் பிறகு மனசில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. என்னைவிடக் களைத்துப்போயிருந்த அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மனு கொடுத்தவர்களையும் பகைக்க முடியாது, குப்பத்தையும் பகைக்க முடியாது.

"டவருக்குத்தான் ரூல் இருக்கு சார், கொடிக்கம்பத்துக்கு ரூல் இல்ல" என்றார். "கம்பம் நிக்கட்டும். அந்தக் கம்பிய மட்டும் எடுத்துடுங்க."

எல்லாருக்கும் சந்தோஷம். குப்பத்துக்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கம்பியில்லாத கம்பத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் அதை அங்கே யாரிடம் சொல்வது? கம்பியைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டேன். வீட்டுக்குள் சுவரோரமாக ஒரு கம்பியைக் கட்டிப் பார்த்தேன். ரேடியோவில் ஃபேன் இரைச்சலும் டியூப்லைட் இரைச்சலும்தான் கேட்டன.

செல்போன் வாங்கி வால்பாறைக்குப் பேசினேன். போனில் எங்களுக்குப் பேச வரவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பிப்போம், ஒன்றாக நிறுத்துவோம். பிறகு சௌக்கியமா, சௌக்கியம், வைக்கட்டுமா என்று முடிந்துவிடும். கூப்பிடுவதும் குறைந்துவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை குப்பத்து ஆட்கள் வந்து வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒருநாள் மேலே ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்க, மாடியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் நான் கம்பத்தடியில் நின்று வால்பாறைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலப் பேச்சு தீர்ந்துவிட்டது. அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

"காலைல செட்ட ஆன் பண்ணித்தான் வெச்சிருக்கேன்" என்றார். "நம்ம பழைய அலைவரிசையிலயேதான். நீங்க எப்பவாவது வந்தா எனக்குக் கேக்கும். ஓவர்."

அடுத்தது என் முறை.