ஐஸ் அறையிலிருந்து போன அழைப்பு

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். அதற்கும் அடங்காவிட்டால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவதொன்றைப் பிடித்துத் திருத்தத் தொடங்கிவிடுவேன். நாற்பத்தெட்டு வயதில் கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மூன்றாவது பழக்கம் ஆகவே ஆகாது.

மருதனார்மடம் சந்தியில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். அங்கே இருப்பது நானும், என்னோடு நிரல் எழுதும் ஒரு பெண்ணும். அவளுக்கு என்னைவிட இருபது வயது குறைவு. நிதானம் மட்டும் இருபது வயது கூட.

எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை வடகரையில் உள்ள ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தினுடையது. அவர்களுடைய ஐஸ் அறை சூடேறினால் அங்கேயுள்ள ஒரு சின்னக் கணினிப் பெட்டி தானாகவே ஆட்களுக்குப் போன் அடிக்க வேண்டும். சங்கத் தலைவர் கதையை நீட்டவில்லை.

“செவ்வாய் பின்னேரம் வந்து காட்டுங்கோ தம்பி. சரியெண்டா கிடக்கட்டும். சரிவராட்டி கழட்டிக்கொண்டு போங்கோ. கொழும்பிலையிருந்து ஒரு பெட்டி வந்து கிடக்கு, அதைப் பூட்டுவம்.”

எங்கள் பெட்டிக்குள் இரண்டு நிரல்கள். வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நான் சி மொழியில் எழுதியது. போன் அடிப்பது அவள் எழுதியது. ஒன்றின் நினைவகத்துக்குள் மற்றது கால் வைக்க முடியாது. ஆகவே என் நிரல் ஒரு அழைப்புச் செய்தி எழுதி, பெட்டியை ஓட்டும் லினக்ஸ் இயங்குதளத்தில் இருக்கும் டி-பஸ் என்ற தபால்காரனிடம் கொடுக்க வேண்டும். அந்தச் செய்தியில் நாலு விபரம் பிசகக் கூடாது. எந்த நிரலுக்குப் போகிறது, அதற்குள் எந்தப் பொருளுக்கு, எந்தத் தொகுதி வேலைகளில், எந்த வேலை. சாவகச்சேரிச் சந்தைக்கு ஆள் அனுப்பும்போது எந்தக் கடை, கடையில் எந்த மேசை, எந்தச் சாமான், அதை என்ன செய்வது என்று சொல்லிவிடுவது மாதிரித்தான். பிறகு போன் இலக்கத்தைச் செய்தியோடு சேர்த்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

சி மொழி யாரையும் தாலாட்டாது. செய்திக்குப் பிடித்த நினைவகத்தை வேலை முடிந்ததும் நாமே விடுவிக்க வேண்டும். செய்தி உருவாகியதா, வெறுங்கையோடு திரும்பியதா என்று நாமே பார்க்க வேண்டும். நான் மூன்று இடத்தில் பார்த்திருந்தேன். அதில் இரண்டு அடுத்தடுத்த வரிகள். இடையில் யாராவது களவெடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

செவ்வாய் பின்னேரம் ஐஸ் அறையின் கதவை வேண்டுமென்றே அகலத் திறந்துவைத்தோம். உள்ளே விடிய இறக்கிய அறுக்குளா மீனும் பாரை மீனும். தலைவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து என் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெப்பம் ஏறியது. எல்லையைத் தாண்டியதும் என் நிரல் முதலாவது செய்தியை அனுப்பியது. ஆறு பேர் பட்டியலில் முதல் இலக்கம் ஐஸ் அறைக் காவல்காரருடையது.

திரையில் சிவப்பாக விழுந்தது: தோல்வி.

இரண்டாம் தரம். தோல்வி. மூன்றாம் தரம். தோல்வி. அடுத்த ஆள். தோல்வி. போதாக்குறைக்கு, பதிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் என் நிரல் வேறொன்றும் செய்யாது. வெப்பத்தைக் காட்டும் எண் அப்படியே உறைந்து நின்றது. அறையில் உறைந்து நிற்க வேண்டியது அதுவல்ல.

“என்ன தம்பி, உது செத்துப்போச்சோ?”

“இல்லையண்ணை, யோசிக்குது.”

“நீர் யோசிக்கிறீரோ, அது யோசிக்குதோ?”

காது சூடாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்தாயிற்று. மூன்றாவது கட்டத்துக்குள் இறங்கினேன். செய்தியை உருவாக்கும் வரியை அழித்துத் திரும்ப எழுதினேன். எழுத்துக்கு எழுத்து பழையதேதான் வந்தது. வெறுமையா என்று நாலாவது இடத்திலும் பார்க்கச் சொன்னேன். திரும்ப ஓட்டினேன். ஆறு பேருக்கும் மறுபடி மூன்று மூன்று தரம். ஆறு பேருக்கும் தோல்வி. அலுவலகத்தில் இருந்த அவளுக்குப் போன் எடுத்தேன்.

“பிள்ளை, நான் அனுப்பிற செய்தி உன்ரை நிரலுக்கு வரேல்லை.”

“வருதண்ணை. இஞ்சை பதிவிலை தெரியுது. எல்லாருக்கும் மணி அடிச்சிருக்கு.”

“அப்ப ஏன் தோல்வி?”

“அது நீங்கள் போட்ட சொல். நான் பதிலிலை மூண்டு விதமா அனுப்பிறன். எடுத்தவை, எடுக்காமல் விட்டவை, கட் பண்ணினவை. நீங்கள் எதைப் பாக்கிறியள்?”

நான் பார்த்தது ஒன்றைத்தான். எடுத்தாரா, இல்லையா. அதை அவளிடம் சொல்வதற்குள் வெளியே மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. முதலில் காவல்காரர். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், கையெல்லாம் மீன் செதில். பின்னால் இன்னும் நாலு பேர். ஒருவர் தோளில் ஐஸ் அள்ளும் சவள். காவல்காரர் வந்த வேகத்தில் ஐஸ் அறைக் கதவைப் படாரென்று சாத்தினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“ஆரப்பா உந்தப் பெட்டிக்காரன்? எத்தினை தரம் அடிக்கிறது? நான்தான் கட் பண்ணினனெல்லோ!”

“அதுதான் அண்ணை, நீங்கள் எடுக்கேல்லை எண்டு...”

“வலையிலை மீன் கழட்டிற கையாலை எடுத்துக் கதைக்கிறதோ? கட் பண்ணினா வாறன் எண்டுதானே அர்த்தம். உது தெரியாதே உமக்கு?”

தலைவர் கதிரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“தம்பி, இந்தக் கரையிலை எடுத்துக் கதைக்கிறவன் வீட்டிலை படுத்திருக்கிறவன். அவன் ‘என்ன, ஏது’ எண்டு விசாரிச்சுப்போட்டுத் திரும்பிப் படுப்பான். கட் பண்ணினவன் வந்துகொண்டிருப்பான்.”

ஆறு பேரில் ஐந்து பேர் எதிரில் மூச்சு வாங்க நிற்கிறார்கள். என் திரையிலோ வரிசையாகச் சிவப்பு. பெட்டி ஒரு பின்னேரம் முழுக்க வென்றுகொண்டிருந்தது. நான் பக்கத்திலிருந்து அதைத் தோல்வி தோல்வி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கேயே இருந்து திருத்தினேன். அழைப்பைத் துண்டித்தால் ஆள் வருகிறார், அடுத்தவருக்கு அடிக்காதே. எடுத்துக் கதைத்தால் அடுத்த இலக்கத்துக்குப் போ. எழுதும்போதே கை கூசியது. உலகத்தில் வேறெங்கே கொண்டுபோய்க் காட்டினாலும் இந்த நிரலைப் பிழை என்றுதான் சொல்வார்கள். காத்திருக்கும் விதத்தையும் மாற்றினேன். செய்தியைக் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி.

கதவைத் திரும்பத் திறந்தோம். காவல்காரரின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் என்னை முறைத்தபடியே விரலால் கட் பண்ணினார். திரையில் பச்சை. வெப்ப எண் நகர்ந்துகொண்டிருந்தது. வேறு யாருக்கும் மணி அடிக்கவில்லை.

தலைவர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“கழட்டவேண்டாம், கிடக்கட்டும். கொழும்புக்காரருக்கு நான் சொல்லுறன்.” பிறகு காவல்காரரிடம், “கதவைச் சாத்தடாப்பா, மீன் வேர்க்குது” என்றார்.

பிளேன்ரீ வந்தது. எல்லோரும் குடித்தார்கள். நான் வேலை முடிந்த செய்தியின் நினைவகத்தை விடுவித்தேனா என்று திரும்பவும் போய்ப் பார்த்தேன். விடுவித்துத்தான் இருந்தேன். இருந்தாலும் இன்னொரு தரம் பார்த்தேன்.