மாமனாரைச் சாகடித்த இசைத்தட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பாண்டிதுரை என்று விசாரித்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது. "இங்கிலீஷ் தட்டு வைக்கிற பட்டாளத்துக்காரர்" என்றால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவர். இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். பட்டாளத்திலிருந்து திரும்புகிறவர்கள் டிரங்குப் பெட்டியில் ரம்மும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது நாற்பத்தோரு ஜாஸ் இசைத்தட்டுகள். ஷில்லாங்கில் ஒரு டீக்கடையில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட்டைக் கேட்டு, கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை நின்றாராம். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை. ஒரு தட்டின் ஒரு பக்கத்தையாவது தன்னோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பதினோரு வருஷமாக அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை. மனைவி கல்பனாவுக்கு எல்லாத் தட்டும், தண்ணீர் வராமல் ஓடுகிற மோட்டார் சத்தம்தான். சவுண்ட் சர்வீஸ் பிச்சை முகம்மது, "பேஸ் அருமையா வருது அண்ணாச்சி" என்று பெட்டியைத்தான் பாராட்டுவார். பாட்டு பாதியில் இருக்கும்போதே செருப்பை மாட்டிவிடுவார்.

அந்தப் பிச்சை முகம்மதுதான் வினையையும் கொண்டுவந்தார். பாண்டிதுரையின் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று, கல்யாண வீட்டுக்குப் போகிற பெரிய பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது மத்தியானம் மூன்று மணி. கல்பனா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய அப்பா உக்கிரபாண்டி, வன்னியம்பட்டியில் வயல் வைத்திருக்கிற சம்சாரி, நெஞ்சுச் சளியோடு ஒரு மாதமாகப் பின்னறையில் படுத்த படுக்கை. அவர் தூங்குகிறார் என்ற தைரியத்தில் பாண்டிதுரை அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரின் பேண்டுக்காரர்களின் தட்டு ஒன்றை வைத்தார்.

அந்த ஊரிலும் நம் ஊர் மாதிரியே பிணத்தோடு பேண்டு போவதுண்டு. போகும்போது நெஞ்சைப் பிசைகிற மாதிரி மெதுவாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ள விடுவார்கள். தட்டில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. பாண்டிதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

நம் பக்கத்தில் ட்ரம்பெட் வேகமாகக் கேட்டால் கல்யாணம், மெதுவாகக் கேட்டால் துட்டி, அதாவது சாவு வீடு. அதுவும் ஒரு மாதமாகக் கிழவர் படுத்திருக்கிற வீட்டிலிருந்து கேட்டால் கேள்வியே வேண்டாம். கோவில் வாசல் பூக்கடை பக்கத்தில்தான் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் ஏழு மாலைகள் வந்துவிட்டன. அடுத்த வீட்டுச் செல்லத்தாய் தலையை அவிழ்த்துப் போட்டு, "வன்னியம்பட்டிச் சிங்கமே, வயக்காட்ட ஆருகிட்ட விட்டுட்டுப் போனீக" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில் முள் துள்ளல் பகுதிக்கு வந்தது. உள்ளே பாண்டிதுரை மூடிய கண் திறக்காமல் தொடையைத் தட்டித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மாமனார் போன சந்தோசத்தப் பாரேன்" என்றது வாசலில் ஒரு குரல்.

"ஏலே, ஆருலே செத்தது?" என்று பின்னறையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. உக்கிரபாண்டி சுவரைப் பிடித்தபடி, ஒரு மாதத்தில் முதல் தடவையாகத் தன் காலில் நடந்து வந்தார். செல்லத்தாய் ஒப்பாரியை விட்டுவிட்டு, அவிழ்த்த தலையை அள்ளி முடிந்தாள்.

கிழவர் ஒவ்வொரு மாலையாகப் பார்த்தார். இருப்பதிலேயே பெரிய மாலை, ஒன்பது வருஷமாக வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாத, அன்றைக்குக் கோவிலுக்கு வந்திருந்த பக்கத்து வயல் பால்ச்சாமி கையில் இருந்தது.

"நீயுமா வந்த?"

"வராம இருப்பனா" என்றார் பால்ச்சாமி, தரையைப் பார்த்தபடி. கிழவர் அந்த மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

கல்பனா தெருமுனையிலேயே கூட்டத்தைப் பார்த்து, அரிசிப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அப்பா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவள் பயம் முழுவதும் கோபமானது.

"பொழுது சாயறதுக்குள்ள பொட்டி வெளிய போகணும். அம்புட்டுத் தட்டும் கூடவே போகணும்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பாண்டிதுரை முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார்.

அப்போது பேண்டு செட் இருளப்பசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தத் துட்டிக்கும் ட்ரம்பெட் அவருடையதுதான்.

"நான் இருக்கையில எந்த ஊரு செட்டக் கூட்டியாந்தீக?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மாலையையும் பார்க்கவில்லை, கிழவரையும் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தார்.

"மெதுவா வந்துட்டு ஒரு எடத்துல திரும்புதானே, அங்க மூச்சே எடுக்கல. எப்பிடி ஏறுனான்? இன்னொரு தடவ வையுங்க."

பாண்டிதுரை மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தட்டை வைத்தார். இருளப்பசாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று விரலால் முழங்காலை அழுத்தி அழுத்திக் கேட்டார். பக்கம் முடிந்து முள் வெறுமனே கரகரக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பாண்டிதுரை துண்டால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினோரு வருஷத்துக் குறை அன்றைக்குத் தீர்ந்தது.

"இருளப்பா" என்று கூப்பிட்டார் கிழவர். "அந்த ஓட்டமா வாரதப் படிச்சு வச்சுக்கோ. எனக்கு நீ அதத்தான் வாசிக்கணும். மெதுவா வாசிச்சேன்னு வையி, மாப்ள தட்டு வச்சிருக்காருன்னு ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்."

இருளப்பசாமி தயங்கினார். "ஒரு தடவ கேட்டதுல வராதுய்யா. நாலஞ்சு நா வந்து கேக்கணும்."

எல்லோரும் கல்பனாவைப் பார்த்தார்கள். அவள் காப்பி போட அடுப்படிக்குப் போகிற வழியில் நின்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்து கேளுங்க. ஆனா அவிய தனியா இருக்கையில மெதுவாப் போறத வச்சாகன்னா, நெசமாவே ஒரு துட்டி விழுந்துரும். அது எங்கப்பாவா இருக்காது."