மாரித்தாய் மலைக்குப் போன வாரம்

மாரித்தாய் பிறந்த ஊர் ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையைத் தவிர வேறு நிழல் கிடையாத சிற்றூர். கோடையில் குடிதண்ணீருக்குப் பக்கத்து ஊர் கிணற்றுக்குப் போக வேண்டும். அவளோடு பிறந்தது ஒரே தம்பி, தளவாய். பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிழைத்த பிள்ளை. நாலு வயதில்தான் நடந்தான். பேச்சு கடைசிவரைக்கும் திருத்தமாக வரவில்லை. ஆத்தா செத்த பிறகு அவனைக் குளிப்பாட்டியதும், சோறு ஊட்டியதும், பயந்து முழிக்கும்போது தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்ததும் மாரித்தாய்தான்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தம்பியைப் பார்த்ததும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியாகப் பாளையங்கோட்டையிலிருந்து சங்கிலிபூதத்தான் வந்தார். வண்ணார்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற மாரித்தாய், அய்யா பேசுவதற்கு முன்னால் தானே வெளியே வந்து சொல்லிவிட்டாள்.

"எங்கூட தம்பியும் வருவான். சம்மதம்னா மேல பேசுங்க."

அவர் தளவாயைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வரட்டுமே. உலையில இன்னொரு பிடி அரிசி போட்டாப் போச்சு."

சொன்ன சொல்லை அவர் இருபது வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார். அதை மறைக்கக் கூடாது. தீபாவளிக்குத் தனக்கு எடுத்த துணியிலேயே தளவாய்க்கும் சட்டை தைப்பார். முடிவெட்ட அவரே கூட்டிக்கொண்டு போவார். தளவாயும் அவரை "அத்தான், அத்தான்" என்று சுற்றிவருவான். வீட்டில் அவனுக்கும் வேலை உண்டு. தெருக்குழாயில் குடம் பிடிப்பான். பிறகு வாசல் கேட்டில் ஏறி நின்று, போகிற வருகிற டவுன் பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவான். தெரிந்த டிரைவர்கள் ஆரன் அடித்துவிட்டுப் போவார்கள். மாரித்தாய் தட்டு வைத்தால்தான் சாப்பிடுவான். வேறு யார் வைத்தாலும் தட்டைப் பைய தள்ளிவிடுவான்.

மகள் பிரமசக்தி காலேஜ் முடித்த வருஷம்தான் வீட்டுக்குள் கசப்பு வந்தது. தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தளவாய் கைதட்டிச் சிரித்தான். பலகாரத் தட்டில் கையை விட்டான். அவர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்: பிள்ளை லட்சணமாக இருக்கிறாள், ஆனால் அந்தக் கோளாறு ரத்தத்தில் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அடுத்து வந்த இடமும் அதே சொல்லைச் சொன்னது. பிரமசக்தி மாமாவோடு பேசுவதை நிறுத்தினாள்.

ஒருநாள் சங்கிலிபூதத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏளா, இவன மாதிரி ஆளுங்களப் பாக்கதுக்குன்னே இடம் இருக்காம். சக்தி கல்யாணம் முடியுத மட்டும் அங்கன விட்டா என்ன?"

"அவன் போற வண்டியில நானும் ஏறுவேன். வேணும்னா அனுப்புங்க" என்றாள் மாரித்தாய்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மனசு மாறிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

தொண்ணூற்றாறு தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, மலைக்குப் போவோம் என்றார். அவருடைய பழைய சிநேகிதர் வேதமுத்து காரையாறு அணைப் பக்கம் வேலையில் இருந்தார். மகள் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போனதால் வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார். "கல்யாணம் ஆகி எங்கயும் உன்னக் கூட்டிட்டுப் போனது கிடையாது. ஒரு வாரம். நம்ம ரெண்டு பேரும்" என்றார்.

"தளவாய்?"

"மலையில ஓடி எங்கயும் விழுந்திருவாம்ளா. சக்தி பாத்துக்கிடுவா. தம்பி நம்பிராஜனும் வந்து படுத்துக்கிடுவான்."

கொழுந்தன் நம்பிராஜன் நல்ல மாதிரி. பிரமசக்தியும் தானாக வந்து, "நீ போம்மா, மாமாவுக்கு நான் சோறு வைக்கேன்" என்றாள். மகள் மாமாவை மாமா என்று சொல்லியே பல மாதம் ஆகியிருந்தது. அதைக் கேட்டே மாரித்தாய் மனசு இளகிப் போனாள்.

பாபநாசம் தாண்டி மலைமேல் பஸ் ஏறும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மழை நன்றாகப் பெய்த வருஷம். அணை நிறைந்து கிடந்தது. தண்ணீர் இப்படி ஒரு இடத்தில் சும்மா கிடக்கும் என்று அவள் கண்டதில்லை. படகில் பாணதீர்த்த அருவிக்குப் போனார்கள். முதலை இருக்கிறது, கையை வெளியே போடாதீர்கள் என்று படகுக்காரர் சத்தம் போட்டார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் சாரல் முகத்தில் அடித்தபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

சங்கிலிபூதத்தானுக்குத் தூண்டில் என்றால் உயிர். காலையில் பாறையில் போய் உட்கார்ந்துவிடுவார். அவள் பக்கத்தில் மண்புழு டப்பாவை வைத்துக்கொண்டு இருப்பாள். கெண்டை மாட்டும், சில நேரம் கெளுத்தி. அங்கேயே உரசிக் கழுவி, வேதமுத்து வீட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தாள். அவர் பாத்திரம் கழுவினார். இருபது வருஷத்தில் அவர் பாத்திரம் கழுவி அவள் பார்த்ததில்லை.

முதல் நாள், ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தளவாய் ஞாபகம் வந்தது. மறுநாள் காய்கறி வாங்க விக்கிரமசிங்கபுரத்துக்கு இறங்கியபோது எஸ்.டி.டி பூத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, பிரமசக்தியைக் கூப்பிடச் சொன்னாள்.

"மாமா சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாச்சும்மா. தூங்குதாக."

"இந்நேரத்துலயா?"

"ராத்திரி முழிச்சிருந்தாகம்மா. நீ ஒண்ணும் நினைக்காத."

அதற்குப் பிறகு மனசு லேசாகிவிட்டது. காரையாற்றிலிருந்து இறங்கி, அம்பாசமுத்திரத்தில் சாப்பிட்டு, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டு மாஞ்சோலை பஸ் ஏறினார்கள். அங்கே வேதமுத்துவின் மைத்துனர் வீட்டில் தங்கல். தேயிலைக்கு நடுவே நடந்தார்கள். குளிரில் அவருடைய சால்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். குதிரைவெட்டிக்கு ஏறும் வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை. பனங்காட்டில் நடந்து வளர்ந்த கால். முன்னால் ஏறிப் போய் அவருக்குக் கை கொடுத்தாள். உச்சியில் நின்று பார்த்தபோது கீழே மலைகளுக்கு நடுவில் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. காற்று சேலையைப் பிடுங்கியது.

"எங்கய்யா இதெல்லாம் பாக்காமலே செத்துட்டாரே" என்றாள். தம்பி பெயர் அப்போது அவள் வாயில் வரவில்லை. அன்றைக்கு முழுக்க வரவில்லை.

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "ஏளா, நான் ஒண்ணு…" என்று நிறுத்திவிட்டு, "கால் வலிக்குது, இறங்குவோம்" என்றார்.

கடைசி நாள் மறுபடி காரையாற்றுப் பக்கம் ஏறி, சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போனார்கள். அவருக்குப் பெயர் வைத்த சாமி இருக்கிற இடம். சங்கிலிபூதத்தார் சாமி முன்னால் விழுந்து கும்பிட்டவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. தோள் குலுங்கியது. பக்தி என்று நினைத்து அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். கேட்டில் யாரும் இல்லை. தளவாய் படுக்கிற பாயைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். அவனுடைய தட்டும் டம்ளரும் அலமாரிக்கு மேலே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பிரமசக்தி முகத்தைப் பார்க்காமல், "காப்பி போடவாம்மா?" என்றாள்.

"தம்பி எங்க?"

நம்பிராஜன்தான் கடைசியில் சொன்னார். "மைனி, திண்டுக்கல்லுக்கு அங்குட்டு ஒரு காப்பகம். நல்ல இடம். நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். தனிக் கட்டில், மூணு வேளை சோறு."

"என்னைக்கு?"

"நீங்க போன அன்னைக்கு."

மாரித்தாய் மகளைப் பார்த்தாள். "தூங்குதான்னு சொன்னியே."

"எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமாம்மா?" பிரமசக்தி அழுதுகொண்டே கத்தினாள். "நீ இருந்தா விடுவியா?"

மாரித்தாய் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் தூண்டில் பையை இன்னும் கையில் வைத்திருந்தார். "கல்யாணம் முடியுத மட்டும்தான்ளா. முடிஞ்ச மறுநாளே நானே போய்க் கூட்டிட்டு வாரேன். அய்யனார் மேல சத்தியம்."

அவள் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கட்டிய சேலையோடு அப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நம்பிராஜன் பின்னாலேயே ஓடி வந்து அவளோடு ஏறிக்கொண்டார்.

காப்பகம் ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். தளவாய்க்கு மொட்டை போட்டிருந்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "மொத ரெண்டு மூணு நாளு எதையும் தொடலம்மா, அப்புறம் பிடிச்சு ஊட்டுனோம்" என்றாள் ஆயா. மாரித்தாய் வாங்கிப் போன இட்லியைப் பிட்டு அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பைய தள்ளிவிட்டான்.

அவளுக்கு அங்கேதான் அழுகை வந்தது. படகில் சிரித்ததும், மலை உச்சியில் அவனை மறந்து நின்றதும் எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

கூட்டிப் போகிறேன் என்றாள். சேர்த்தவர் சொன்னால்தான் அனுப்புவோம் என்றார் பொறுப்பாளர். நம்பிராஜன் தரையைப் பார்த்தபடி, "அண்ணன் சொல்லாம நான் எப்படி மைனி…" என்றார். அவள் திரும்பி வந்து புருஷன் காலில் விழுந்தாள். அவரும் அழுதார். ஆனால் அசையவில்லை. கோவில்பட்டியில் ஒரு இடம் கூடிவந்திருந்தது. ஆவணியில் முகூர்த்தம். இன்னும் கொஞ்சம் பொறு என்றார்.

அதன்பின் மாதாமாதம் போய்வந்தாள். மூன்றாம் தடவை அவன் அவள் கையால் சாப்பிட்டான். வெயில் காலத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்வரைக்கும் பின்னாலேயே வந்தான். ஆடி மாதம் போனபோது அவன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். வயிற்றுப்போக்கு வந்து நிற்கவில்லை, தகவல் சொல்லி அனுப்பினோம், யாரும் வரவில்லை, அதனால் நாங்களே அடக்கம் பண்ணிவிட்டோம் என்றார்கள். அவள் காதுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. வந்ததை யாராவது மறைத்தார்களா என்று அவள் கேட்கவுமில்லை. எந்தப் பதில் வந்தாலும் தாங்காது என்று தெரிந்திருந்தது. இடுகாட்டில் புதுக்குழிகள் நாலைந்து இருந்தன. எது அவனுடையது என்று காப்பகத்திலிருந்து கூட வந்த ஆளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் ஒரு கை மண் போட்டுவிட்டு வந்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாரித்தாய் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தாள். பெண்ணுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய முறையைத் தூரத்து உறவில் ஒருவர் செய்தார்.

மறு வருஷம் சித்திரையில் சம்பந்தியம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில், "உங்களுக்குக் கூடப் பிறந்தவுக யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"ஒரு தம்பி இருந்தான். புத்தி வளராத பிள்ளை. போன ஆடியில செத்துட்டான்."

சம்பந்தியம்மா கையிலெடுத்த சோற்றை இலையில் வைத்தார். "அடப் பாவமே, சொல்லவே இல்லையே! எங்க வீட்டுலயும் மூத்த கொழுந்தனார் அப்படித்தான். நாந்தான் குளிப்பாட்டி விடுதேன். உங்க மருமகன் அவுக மடியில வளந்தவன்லா. கல்யாணத்தன்னைக்குக் கூட்டத்தப் பாத்துப் பயப்படுவாகன்னுதான் கூட்டிட்டு வரல. நீங்க என்ன சொல்லுவீகளோன்னு எங்களுக்கும் பயம்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சங்கிலிபூதத்தானுக்கு அது கேட்டது. பேப்பரை மடித்து வைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், லீவு நாளில் பூட்டிக் கிடக்கும் பட்டறைக்கு நடந்து போனார்.

மாரித்தாய் குழம்புச் சட்டியை எடுத்து வந்தாள். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டாள்.